ஓட்டுநர் இருக்கைக்கு அடியில்

இங்கிலாந்தில் இல்க்ஸ்டன் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த ஹோரஸ் விபர்லியிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த வண்டியில் ஏறினாலும் உடனே உட்கார மாட்டார். குனிந்து, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கையை விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை துழாவுவார். கையை வெளியே எடுத்து உள்ளங்கையைப் பார்ப்பார். பிறகுதான் உட்காருவார்.

"என்ன விபர்லி, கோழி இன்னிக்காவது முட்டை போட்டுச்சா?" என்று டிப்போவில் கேட்பார்கள்.

"இன்னும் இல்லப்பா" என்பார் அவரும். இருபத்தைந்து வருடம் அதே கேள்வி, அதே பதில். மைத்துனருடைய காரில் ஏறினாலும் அப்படித்தான். மனைவி எனிட் கல்யாணமான புதிதில் ஒரு தடவை ஏன் என்று கேட்டாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அந்தக் கை பழகிய இடம் பிரான்சில், நார்மண்டியில் ஒரு ஆப்பிள் தோட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு, உலகப்போரின் கோடைகாலம். ஹோரஸ் ஒரு கவசப் படையணியின் பட்டறையில் இருந்தார். அந்தப் படையணியில் மூன்று டாங்கி ரெஜிமென்ட்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பட்டறை. காலையில் சண்டைக்குப் போகும் டாங்கிகளில் சில திரும்பாது. எரிந்துபோனதை வயலிலேயே விட்டுவிடுவார்கள். குண்டு துளைத்து எரியாமல் நின்றதை இழுத்து வருவார்கள். அதைச் சரிசெய்து திருப்பி அனுப்புவதுதான் வேலை.

சரிசெய்வது என்றால் முதலில் கழுவுவது. பாதிரியார் வந்து, உள்ளே இருப்பவர்களை, இருப்பதை, போர்வையில் சுற்றி எடுத்துப் போவார். அதற்குப் பிறகு ஹோரஸ் வாளியும் பிரஷ்ஷும் பினாயிலுமாக உள்ளே இறங்குவார். கழுவி முடித்ததும் துளையை அடைத்து வெல்டிங் வைத்து, உள்ளே வெள்ளைப் பெயின்ட் அடித்து, வெளியே எழுதியிருந்த பழைய பெயரை மறைத்து வேறு பெயர் எழுதுவார்கள். இளவட்டங்கள் வாந்தி எடுத்தார்கள் என்பதால், முப்பதைத் தாண்டிய ஹோரஸ் தலையில் அந்த வேலை விழுந்தது. அவரும் ராத்திரி சாப்பாட்டைத் தொடாமல் படுத்த நாட்கள் உண்டு.

பட்டறையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஒரு ரெஜிமென்ட்டில் ஆள் செத்த டாங்கியை அந்த ரெஜிமென்ட்டுக்கே திருப்பித் தரக் கூடாது. அடுத்ததற்குத்தான் தரவேண்டும். ஒவ்வொரு ரெஜிமென்ட்டிலும் ஒரே வட்டாரத்து ஆட்கள், அண்ணன் தம்பி, மாமன் மச்சான், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். செத்தவனுடைய இடத்தில் அவனுடைய சொந்தக்காரனையே உட்கார வைக்கலாமா? எடுத்துப் போக வருகிறவன் "இது யாரோடது?" என்று கேட்டால், "நேத்து கப்பல்ல வந்து இறங்குச்சு" என்று சொல்லவேண்டும். கேட்கிறவனுக்கும் அது பொய் என்று தெரியும். ஆனாலும் கேட்பான்.

ஜூலை கடைசியில் மூன்றாவது ரெஜிமென்ட்டிலிருந்து ஒரு டாங்கி வந்தது. குண்டு முன்பக்கத் தகட்டைத் துளைத்து நேராக ஓட்டுநர் மேல் பாய்ந்திருந்தது. மற்ற நாலு பேரும் தப்பிவிட்டார்கள். பாதிரியார் போர்வையை மூடும்போது பெயரைச் சொல்லி ஜெபம் செய்தார். ஆர்தர் ஸ்டானிஃபோர்த். ஹோரஸ் தொப்பியைக் கழற்றி நின்றார். பிறகு இறங்கிக் கழுவினார். அன்றைக்கு மழை. வெளிச்சம் போதவில்லை. இன்னும் இரண்டு டாங்கிகள் காத்திருந்தன. இருக்கைக்கு அடியில் தண்ணீரை மட்டும் வீசி ஊற்றினார். கையை விட்டுப் பார்க்கவில்லை.

சட்டப்படி அந்த டாங்கியை இரண்டாவது ரெஜிமென்ட்டுக்கு என்று ஒதுக்கினார்கள். அதற்குள் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. மூன்றாவது ரெஜிமென்ட்டில் மிஞ்சிய ஆட்கள் போதவில்லை, அதைக் கலைத்துவிடுங்கள், இருப்பவர்களை மற்ற இரண்டுக்கும் பிரித்துக் கொடுங்கள். குதிரைப்படையாக இருந்த காலத்திலிருந்து அதே பெயரில் வந்த ரெஜிமென்ட் ஒரே காலையில் இல்லாமல் போனது. தொப்பிச் சின்னத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறு சின்னம் குத்திக்கொண்டார்கள். ஆட்கள் இடம் மாறியது பட்டறைக்கும் தெரியும். அப்படி மாறினால் தங்கள் சட்டம் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் இரண்டாவது ரெஜிமென்ட்டுக்காரர்கள் டாங்கி எடுக்க வந்தார்கள். அந்த டாங்கிக்கு ஓட்டுநராக வந்தவன் செம்பட்டை முடி, மெலிந்த பையன். தொப்பியில் புதுச் சின்னம் கோணலாக இருந்தது. பெயர் கேட்டதற்கு, "ஸ்டானிஃபோர்த். லென் ஸ்டானிஃபோர்த்" என்றான்.

 அந்தச் செம்பட்டை முடியை ஹோரஸ் ஏற்கெனவே பாதிரியாரின் போர்வைக்குள் பார்த்திருந்தார்.

நேரே பட்டறை சார்ஜன்ட் காஸ்கினிடம் போய் விஷயத்தைச் சொன்னார். வேறு டாங்கியோடு மாற்றிக் கொடுத்துவிடலாம் என்றார். காஸ்கின் டீக் குவளையைக் கீழே வைக்கவில்லை.

"மாத்தணும்னா காரணம் சொல்லணும். காரணம் சொன்னா சாயங்காலத்துக்குள்ள எல்லாப் பயலுக்கும் தெரிஞ்சுடும். தெரிஞ்சா, வெல்டிங் வச்ச டாங்கியில எவன் ஏறுவான் சொல்லு? நாளைக்கு விடியக்காலை தாக்குதல். வாய மூடிக்கிட்டு போய் பெட்ரோல் ஊத்து, விபர்லி."

ஹோரஸ் திரும்பி வந்தார். லென் டாங்கி மேல் நின்றுகொண்டு, பெயின்ட் வாசனை தலையைச் சுற்றுகிறது என்று மற்றவர்களிடம் சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். "யாரோடதுண்ணே இது?" என்று கேட்டான். கப்பலில் வந்து இறங்கியது என்று ஹோரஸ் பெட்ரோல் டின்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பையன் சிரித்துவிட்டு ஓட்டுநர் துவாரத்துக்குள் இறங்கினான். அண்ணனைவிடக் கால் நீளம் போல. இருக்கையைத் தள்ளிப் போட விசையைத் தேடி அடியில் கையை விட்டான்.

கை வெளியே வந்தபோது அதில் ஒரு ஸ்பூன் இருந்தது.

சாதாரண சமையலறை ஸ்பூன். பிடியில் ஆணியால் அடித்த ஒரு ஓட்டை. லென் அதைத் துடைத்துப் பார்த்தான். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு ஸ்பூனை எடுத்தான். அதே மாதிரி. அதில் இரண்டு ஓட்டைகள்.

"அண்ணே" என்றான், மெதுவாக. "இது எந்தக் கப்பல்ல வந்துச்சு?"

ஹோரஸ் பெட்ரோல் டின்னைக் கீழே வைத்தார். டாங்கியின் மூக்கில் ஏறி அவன் முகத்துக்கு நேரே குந்தினார். மற்றவர்கள் குண்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"உடனே போயிட்டானா?" என்று கேட்டான் லென்.

"உடனே. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார். அது உண்மையா என்று அவருக்குத் தெரியாது.

பிறகு, வாழ்க்கையில் எந்த அதிகாரிக்கும் எதிராக ஒரு வார்த்தை பேசாத மனிதர், குனிந்து கிசுகிசுத்தார். "க்ளட்ச்ச கழட்டி விட்டுடறேன். இன்னிக்கு இந்த வண்டி நகராது. நீ பட்டறையிலயே நில்லு. எவன் கேக்கப்போறான்?"

லென் யோசித்தான். அவன் யோசித்ததை ஹோரஸ் கண்ணால் பார்த்தார். அண்ணாந்து, மேலே நின்ற புதுப் பையன்களைப் பார்த்தான்.

"இவனுங்க மூணு பேரும் இங்கிலாந்துலேர்ந்து வந்து ஒரு வாரம்கூட ஆகல. ஒரு குண்டுச் சத்தம் கேட்டதில்ல. வேற வண்டியில ஏத்தி அனுப்பிடுவாங்க. எனக்குப் பதிலா ஓட்டறவனும் இவனுங்கள மாதிரியே இருந்தா, முதல் வளைவுலயே முடிஞ்சுது கதை." இரண்டு ஓட்டை ஸ்பூனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். மற்றதை நீட்டினான். "இத எங்கம்மாகிட்ட குடுத்துடுங்க. நல்லாத்தான் கழுவியிருக்கீங்க. இத மட்டும் விட்டுட்டீங்க."

அவன் குத்திக்காட்டவில்லை. சும்மா சொன்னான். அதுதான் ஹோரஸுக்குத் தாங்கவில்லை.

எஞ்சின் கிளம்பியது. ஆப்பிள் மரங்களுக்கு நடுவே அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் சாயங்காலம் மீட்பு வண்டியோடு அவரும் போனார். கோதுமை வயலில் அது நின்றிருந்தது. எரிந்து துருவேறியது போல் சிவந்து, பக்கத்தில் போகமுடியாத சூட்டோடு. அவர் எழுதிய புதுப்பெயர்கூட மிஞ்சவில்லை. புதுப் பையன்களில் இரண்டு பேர் குதித்துத் தப்பியிருந்தார்கள். கழுவுவதற்கு அதில் எதுவும் இல்லை.

பட்டாளத்திலிருந்து விடுபட்டு வந்ததும் ஹோரஸ் டெர்பிஷயர் மலைப்பக்கம் பஸ் ஏறி அந்த அம்மாவைத் தேடிப் போனார். சமையலறையில் உட்காரவைத்து டீ கொடுத்தாள். இரண்டு தந்திகளும் கடிகாரத்துக்குப் பின்னால் இருந்தன. இரண்டிலும் வேறு வேறு ரெஜிமென்ட் பெயர். அதைத்தான் அவள் ஆறுதலாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னவனை முன்பே வேறு ரெஜிமென்ட்டுக்கு மாற்றியிருப்பார்கள், ஒருத்தன் போன இடம் வேறு, மற்றவன் போன இடம் வேறு, நல்லவேளை சின்னவன் பெரியவன் கதியைப் பார்க்கவில்லை என்றாள்.

ஹோரஸ் ஸ்பூனை மேஜைமேல் வைத்தார். ஓட்டையை விரலால் தடவி, "ஆர்தரோடது" என்றாள். "ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கக் கூடாதுன்னு நான்தான் ஆணி அடிச்சேன். எங்க கிடந்துச்சு தம்பி?"

"சீட்டுக்கு அடியில."

"யாரு எடுத்தாங்க?"

அடுப்பில் நிலக்கரி சரிந்தது. ஹோரஸ் குவளைக்குள் பார்த்தார்.

"நான்தாம்மா. வண்டிய சுத்தம் பண்றப்ப கையை விட்டுப் பாத்தேன்."

அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க நல்லா இருக்கணும். எல்லாரும் அவ்வளவு பாத்து செய்யமாட்டாங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. இல்க்ஸ்டன் வரும் வரைக்கும் அவர் கண் அந்த இருக்கையின் அடியிலேயே இருந்தது. அடுத்த வாரம் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தார்.

கண்ணை மூடுவதற்கு முந்தின வருடம் ஒரே ஒரு தடவை எனிடிடம் இதைச் சொன்னார். அவள் யாரிடமும் கொண்டுபோகவில்லை.

இப்போது டிப்போ இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மலைப்பக்கத்துத் தேவாலயத்தில் போரில் இறந்தவர்களின் கல்லில் ஆர்தர், லென் இரண்டு பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன. எதிரே இரண்டு வேறு ரெஜிமென்ட்கள். ஸ்பூன் அவர்களுடைய தங்கை மகள் வீட்டில், மற்ற ஸ்பூன்களோடு கிடக்கிறது. லென் எந்த டாங்கியில் செத்தான் என்பது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.