ஒரு கைக்கு அம்மன், ஒரு கைக்கு முனீஸ்வரன்

டாக்டர் அறையில் அன்று இருந்தவர்கள்: நான். என் மனைவி செல்வி. செல்வியின் அண்ணன் ஏழுமலை. என் சித்தப்பா. நான் குடியை விடுவதற்காகக் கயிறு கட்டிய அம்மன் கோயில் பூசாரி. டாக்டரம்மா.

சிங்கப்பூரில் டாக்டர் அறைக்குள் நோயாளி மட்டும்தான் போவார். ஏழு வருஷமாக அங்கே எனக்கு ஏசி சர்வீஸ் வேலை. காய்ச்சலோ வயிற்றுவலியோ, தனியாகப் போய்த் தனியாகச் சொல்லி மாத்திரை வாங்கி வந்து பழகிவிட்டது. திருவண்ணாமலையில் என் நோயைச் சொல்ல நான்கு பேர் வந்திருந்தார்கள். எனக்கு வேலை இல்லை. ஓரமாக நின்றேன்.

நோய் இதுதான். சிங்கப்பூரில் ஒருநாள் பதினெட்டாவது மாடிக்கு லிப்டில் போகும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. கை மரத்தது. மூச்சு வரவில்லை. செத்தேன் என்றே நினைத்தேன். ஆம்புலன்ஸ் வந்தது. எல்லாம் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது, போகலாம் என்றார்கள். நன்றாக இருக்கும் இதயம் ஏன் அப்படி அடித்தது என்று கேட்க எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. சாயங்காலம் ரூமில், எப்போதாவது குடிப்பதுபோல், இரண்டு பீர் குடித்தேன். அடங்கியது. மருந்து கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். விடிந்ததும் பயம் கூடுதலாக வந்தது. அதற்கும் குடித்தேன். பிறகு லிப்டு ஏறும் முன்பே குடிக்கத் தொடங்கினேன். சூப்பர்வைசருக்கு வாடை தெரிந்துவிட்டது. நல்ல மனிதர். இரண்டு மாதம் ஊருக்குப் போ, சரியானால் வா, இல்லாவிட்டால் வராதே என்றார். மகள் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். எனக்கு வேறு வேலை தெரியாது. என்னைப் போல ரூமில் குடித்துப் பயத்தை அடக்குகிறவர்கள் சிங்கப்பூரில் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரில் இறங்கியதும் செல்வி என் வாயை முகர்ந்தாள். மறுநாளே வலது கையில் அம்மன் கோயில் மஞ்சள் கயிறு. இதைக் கட்டிக்கொண்டு குடித்தால் ரத்தம் கக்குவாய் என்றார் பூசாரி. எங்கள் பக்கம் குடியை நிறுத்த இதுதான் வழி. பலருக்கு நின்றிருக்கிறது. எனக்கும் நின்றது. மூன்றாம் நாள் கை நடுங்கியது. சோறு பிசைய முடியவில்லை. கூரைமேல் யாரோ நடப்பதுபோல் கேட்டது. இது குடிச் சமாச்சாரம் இல்லை, பயந்த கோளாறு, முனீஸ்வரன்தான் பார்க்கவேண்டும் என்றார் சித்தப்பா. குடிக்கு அம்மன், பயத்துக்கு முனீஸ்வரன். எங்கள் ஊரில் டிபார்ட்மென்ட் வேறு வேறு.

ஏரிக்கரை முனீஸ்வரனுக்குச் சேவல், சுருட்டு, ஒரு குவாட்டர் பிராந்தி வைத்துப் படைத்தோம். இடது கையில் கறுப்புக் கயிறு. படைத்ததைப் பயந்தவன்தான் முதலில் சாப்பிடவேண்டும். சித்தப்பா கறி கொடுத்தார். பிராந்தியும் கொடுத்தார். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. குடித்தேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. கூரைமேல் நடந்தவர் இறங்கிப் போய்விட்டார். எல்லோரும் முனீஸ்வரனைக் கும்பிட்டார்கள். சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

காலையில் நடுக்கம் திரும்பி வந்தது. இன்னொரு படையல் போட்டுவிடலாம் என்றார் சித்தப்பா. அப்போதுதான் செல்விக்கு விளங்கியது.

“தெனம் படையல் போட்டா அதுக்குப் பேரு இன்னா மாமா? ஒயின்ஷாப்புதானே?”

பூசாரிக்குச் சேதி போனது. வந்தார். நான் குடித்தது அவருக்கு வருத்தம் இல்லை. ரத்தம் கக்காததுதான் வருத்தம்.

“நல்லா குந்திங்கிறான். நாளைக்கு எவன் நம்பி எங்கிட்ட கயிறு கட்டிக்குவான்?”

பிரசாதம் குடிக் கணக்கில் சேராது, அதனால்தான் கக்கவில்லை என்றார் சித்தப்பா. சேரும் என்றார் பூசாரி. ஏழுமலை நடுவில் புகுந்தான். படையல் நடக்கட்டும், மாப்பிள்ளைக்குப் பதிலாக பிராந்தியைத் தான் குடித்துக்கொள்வதாகச் சொன்னான்.

“பயம் அவருக்கு, பிரசாதம் ஒனக்காண்ணா?” என்றாள் செல்வி. அதற்குமேல் அவள் யாரையும் கேட்கவில்லை. வேன் பிடித்தாள். தாங்கள் விட்டுப்போகக்கூடாது என்று எல்லோரும் ஏறிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் ருத்ராட்சம் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பூசாரியையும் அவர் கையிலிருந்த வேப்பிலையையும் என் இரண்டு கயிற்றையும் பார்த்தார். இது என்ன சடங்கு என்று கேட்டார். டாக்டரைப் பார்க்க வந்தோம் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, தானும் வரலாமா என்றார். அமைதி தேடி அவர் என் ஊருக்கு வந்திருக்கிறார். உள்ளே இடமில்லை என்று சொல்லி உட்காரவைத்தேன்.

உள்ளே டாக்டரம்மா ஒன்றுதான் கேட்டார். “பயம் மொதல்ல வந்துச்சா, குடி மொதல்ல வந்துச்சா?”

குடி என்றாள் செல்வி. பயம் என்றார் சித்தப்பா. சிங்கப்பூர்தான் முதலில் வந்தது என்றான் ஏழுமலை. பூசாரி ரத்தம் கக்காத விஷயத்தை ஆரம்பித்தார். டாக்டரம்மா நான்கு பேரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். இப்போது நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

நாலு பேர் சத்தம் நின்றதும் என் நெஞ்சுச் சத்தம் கேட்டது. சிங்கப்பூரில் தனியாகப் பேசத் தெரிந்தவனுக்கு இங்கே நாக்கு எழவில்லை. வேர்த்து ஊற்றியது. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். கதவில் காது வைத்திருந்த நால்வரும் உள்ளே வந்து விழுந்தார்கள்.

டாக்டரம்மா நாற்காலிகளைக் காட்டினார். “சரி, குந்துங்க. எல்லாருக்கும் சேத்தே சொல்றேன்.”

பயத்துக்குக் குடித்தால் அடங்கும், குடி இறங்கினால் பயம் ஜாஸ்தியாகும், அதனால் மறுபடி குடிக்கச் சொல்லும் என்றார். திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் நடுங்கும், இல்லாத சத்தம் காதில் கேட்கும், உயிருக்கே ஆபத்தாகலாம், படுக்கவைத்துத்தான் நிறுத்தவேண்டும் என்றார். ஒன்றை மட்டும் பார்த்தால் இன்னொன்று இழுத்து வந்துவிடும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றார். கயிறு இருக்கலாமா என்று பூசாரி கேட்டார். இருக்கட்டும் என்றார்.

“முனீஸ்வரனுக்கு?” என்றார் சித்தப்பா.

“அவருக்குச் சேவலும் சுருட்டும் போதும்.”

“ஒத்துக்கமாட்டாரும்மா.”

“நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

சித்தப்பா தலையாட்டினார். போய்ச் சொல்லியும்விட்டார்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்தேன். வெளியே வந்த பிறகு மாத்திரை, மூச்சுப் பயிற்சி, தினமும் லிப்டு. பயந்து ஒதுங்கினால் பயம் வளரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு பெரிய கட்டடத்து லிப்டில் செல்வியும் நானும் ஏறி இறங்கினோம். எந்த ஆபீஸுக்கு வந்தீர்கள் என்று வாட்ச்மேன் கேட்டார். எதற்கும் இல்லை, சும்மா ஏறி இறங்குகிறோம் என்றாள் செல்வி. ஒரு வாரம் கழித்து அவரே கதவைப் பிடித்து நிறுத்தி வைத்தார்.

இரண்டு மாதம் முடிந்தது. விமானம் ஏறினேன். இத்தனை வருஷத்தில் குடிக்காமல் ஏறியது அதுதான் முதல் தடவை. கடல் வந்ததும் அதுவும் வந்தது. நெஞ்சு அடித்தது. கை மரத்தது. கண்ணை மூடி மூச்சை மெதுவாக விட்டேன். பணிப்பெண் குனிந்து, முதல் விமானப் பயணமா என்று கேட்டாள். விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. ஆமாம் என்றேன். போய் ஒரு சின்னக் கோப்பையில் விஸ்கி கொண்டுவந்து வைத்தாள். குடித்தால் பயம் போய்விடும், காசு வேண்டாம் என்றாள். ரொம்ப அன்பான பெண்.

கோப்பை என் முன்னால் இருந்தது. வாடை வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“குடிக்கலையாண்ணே?”

“நீங்க எடுத்துக்குங்க.”

ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தூங்கிப்போனார். என் பயம் போகவில்லை. பயத்தோடே உட்கார்ந்திருந்தேன். முன்னால் இருந்த திரையில் நீலக் கடல், நடுவில் சின்ன விமானம். கீழே இரண்டு வரி. சென்னையிலிருந்து வந்த கிலோமீட்டர். சிங்கப்பூருக்குப் போகவேண்டிய கிலோமீட்டர். மூச்சை விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது. சரியாகப் பாதி வழியில் இரண்டிலும் ஒரே எண் வந்தது.

ஆயிரத்து நானூற்று ஐம்பத்து மூன்று.