சுருதி இறங்கிய கிற்றார்

கட்டைபறிச்சானில் ராசமலர் டீச்சரின் முன்பள்ளிக்கு மணி கிடையாது. காலையில் அவள் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு, கிற்றாரை மடியில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும். அந்த உருக்குக் கம்பிச் சத்தம் வேலி தாண்டிக் கிணற்றடி வரைக்கும் கேட்கும். சப்பாத்துப் போட்டதும் போடாததுமாகப் பிள்ளைகள் ஓடி வந்துவிடும்.

அந்தக் கிற்றார் அவளுக்குக் கிடைத்தது கடல் ஊருக்குள் வந்துபோன வருடத்தில், அகதி முகாமில். அங்கே பிள்ளைகளை விளையாட வைக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்திருந்தாள். எங்கள் வெயிலில் மூக்குத் தோல் உரிந்து உரிந்து, கடைசிவரை ஆறவேயில்லை. பிள்ளைகளைச் சேர்த்துப் பிடிக்க உதவிக்கு நின்ற ராசமலருக்கு, விரலைப் பிடித்து வைத்து நாலைந்து பிடிகளைக் காட்டிக் கொடுத்தாள். ஊருக்குப் போகும்போது கிற்றாரையும், ஊதிப் பார்த்துத் தந்திகளைச் சுருதி சேர்க்க ஒரு சின்னக் குழலையும் கையில் வைத்துவிட்டுப் போனாள். குழல் என்ன சொல்கிறதோ அதுதான் சுருதி என்று ராசமலர் பிடித்துக்கொண்டாள். அதிலிருந்து ஒரு நூல் அளவும் மாறியதில்லை.

முகாமில் அவள் ஒரு நண்டுப் பாட்டுக் கட்டினாள். பயந்துபோயிருந்த பிள்ளைகள் அந்தப் பாட்டுக்குச் சிரித்தன. ஒருநாள் அவளுடைய கணவர் முத்தனும் சேர்ந்து பாட வெளிக்கிட்டார். முதல் வரி ஒருமாதிரிப் போய்விட்டது. 'கடலம்மா கூப்பிட்டா' என்று மேலே ஏறும் இடத்தில் குரல் கீச்சென்று உடைந்து போக, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. முத்தனும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் வாய் திறந்து பாடி யாரும் கேட்டதில்லை. இந்த மனிதருக்கும் சங்கீதத்துக்கும் வெகுதூரம் என்று ராசமலரும் முடிவு கட்டிவிட்டாள். அவள் கிற்றாரை எடுத்தால், அவர் தூண்டில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்து மாமரத்தடிக்குப் போய்விடுவார். அவர் பாட்டுக்கு அவர் வேலை.

போன மழைக்குப் பிறகு வந்த சிக்குன்குனியாக் காய்ச்சல் ஊரில் ஒரு வீட்டையும் விடவில்லை. மற்றவர்களுக்குக் காய்ச்சலோடு போனது, ராசமலருக்கு விரல் மூட்டுகளில் குடியேறிவிட்டது. தேங்காய் திருவ ஏலாது, போத்தல் மூடி திறக்க ஏலாது. அதையெல்லாம் முத்தன் ஒரு முறைப்பாடும் இல்லாமல் செய்தார். கிற்றாரை அவரால் வாசிக்க முடியுமா? உருக்குக் கம்பியை அழுத்தும்போது அவள் விரலுக்குள் ஊசி இறங்குவதுபோல இருந்தது. பிள்ளைகள் கைதட்டிப் பாடின. டீச்சர் எப்ப கிற்றார் எடுப்பீங்க என்று கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதையும் விட்டுவிட்டன. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் போயிற்று.

தங்கையின் மகள் நிருசா வெருகலில் புதிதாக முன்பள்ளி தொடங்கியிருந்தாள். சும்மா கிடந்து பூச்சி அரிப்பதைவிட அவளுக்காவது உதவட்டும் என்று ராசமலர் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். ஆனால் கடற்காற்றில் கறல் பிடித்த கம்பியோடு ஒரு பொருளைக் கொடுப்பது மரியாதை இல்லையே. புதுக் கம்பி போடுவதற்காகக் கிற்றாரோடு கிண்ணியாவுக்குப் பஸ் ஏறினாள்.

கிண்ணியாவில் றிஸ்கானுக்கு ஃபோன் திருத்தும் கடை. கல்யாண வீடுகளில் கிற்றார் வாசிக்கிறவன் என்பதால் கடையின் ஒரு மூலையில் கம்பிகளும் விற்பான்.

"நல்ல கம்பியாப் போடுங்கோ தம்பி. பெறாமகளுக்குக் குடுக்கப் போறன்."

"ஏன் டீச்சர், உங்களுக்கு வேணாமா?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். வீங்கிய மூட்டுகளை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"கைய மாத்த ஏலாது டீச்சர். கம்பிய மாத்தலாம்தானே? அதில எத்தினையோ சாதி இரிக்கி. ஒவ்வொண்டாப் போட்டுப் பாப்பம். சரிவராட்டிப் பிறகு பெறாமகளுக்குக் குடுங்க."

அன்று அவன் போட்டுக் கொடுத்தது, உருக்கிலேயே ஆக மெல்லிய சாதி. அழுத்த இலேசுதான். ஆனால் மெல்லிய கம்பி வீங்கிய விரல் நுனியைக் கத்திபோல வெட்டியது. சத்தமும் தகரத் தட்டு விழுந்தது மாதிரி. அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு, நைலோனிலும் ஒரு சாதி இருக்கிறதாம் என்று முத்தனிடம் சொன்னாள்.

"நைலோனோ? அது எங்கட தூண்டில் தங்கூசியெல்லோ!" முத்தனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்கேன் கிண்ணியா? இஞ்ச கிற்றாரைக் கொண்டுவா."

தூண்டில் பெட்டி திறந்தது. ஆகத் தடித்த தந்திக்குச் சுறாவுக்குக் கட்டும் தங்கூசி, அடுத்ததற்கு அறுக்குளாவுக்கு, பிறகு பாரைக்கு, ஆக மெல்லியதற்கு விளைமீனுக்கு. ஒவ்வொன்றையும் மீன்காரன் முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டு, "இனி இது அவிழாது" என்றார் பெருமையாக. முடிச்சு அவிழவில்லைதான். சத்தமும் வரவில்லை. மறுநாள் முன்பள்ளியில் அவள் இழுத்தபோது சுறாத் தந்தி பொத்துப் பொத்தென்றது.

"டீச்சர், கிற்றாருக்குத் தடிமன், மூக்கடைச்சுப் போச்சு!" என்றாள் ஒரு வாண்டு. பிள்ளைகள் மட்டுமில்லை, ராசமலரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

றிஸ்கானும் தங்கூசியைப் பார்த்துச் சிரித்தான். சிரித்துக்கொண்டே கழற்றினான்.

"அண்ணன் கெட்டிக்காரன்தான். ஆனா உங்கட கிற்றார் உருக்குக் கம்பிக்குச் செஞ்சது டீச்சர். நைலோனுக்கு வாய் திறக்காது. இதப் பாருங்க, உள்ளுக்க உருக்கு, அதுக்கு மேல பட்டு, அதுக்கும் மேல மெல்லிய கம்பி சுத்தியிரிக்கி. கைக்குப் பதமா இரிக்கும்."

உண்மையிலேயே பதமாக இருந்தது. சத்தம் உருக்குப்போலக் கணீரென்று இல்லை. பக்கத்தில் இருந்து கதைக்கிறவரின் குரல்போல இருந்தது. ராசமலருக்கு அது பிடித்துக்கொண்டது. ஆனால் ஒரு பாட்டுத்தான். இரண்டாவது பாட்டுக்கு மூட்டுகள் மறுபடி குத்தத் தொடங்கின. இவ்வளவு கிட்ட வந்து கைவிட்டுப் போகிறதே என்று அவளுக்கு அழுகை வந்தது. றிஸ்கானுக்கு ஃபோன் எடுத்தாள்.

"அப்ப சுருதிய இறக்குங்க டீச்சர். எல்லாத் தந்தியையும் ஒரே அளவாத் தளர்த்துங்க. இறுக்கம் குறைஞ்சா நோவும் குறையும்."

"ஐயோ தம்பி, குழல் ஒரு சுருதி சொல்லுதே. அதை மாத்தினா பிழையெல்லோ?"

"என்ன பிழை? பாட்டுக் கொஞ்சம் கீழ போகும், அவ்வளவுதான்."

அவனுக்கு அவ்வளவுதான். அவளுக்கோ கோயில் சாமியை இடம் மாற்றி வைப்பது மாதிரி. அன்று பின்னேரம் குசினி வேலை முடித்துவிட்டு வந்து, அந்த மூக்குரிந்த பெண்ணிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டு, குழலை அலுமாரிக்குள் வைத்தாள். பிறகு ஒவ்வொரு தந்தியாகத் தளர்த்தினாள். இதுவும் சரிவராவிட்டால் நாளைக்கே கிற்றார் வெருகலுக்குப் போய்விடும்.

விரலை வைத்து அழுத்தினாள். நொந்தது. ஆனால் தாங்கக்கூடிய நோவு. மெதுவாக நண்டுப் பாட்டை எடுத்தாள். தன் குரலே தனக்குப் புதிதாக, ஒரு படி இறங்கி நின்று பாடுவதுபோல இருந்தது. கை ஓடியது. நின்றுவிடுமோ என்ற பயத்தில் அவள் விரலையே பார்த்துக்கொண்டு வாசித்தாள்.

'நண்டாரே நண்டாரே, நாளைக்கும் வருவீரோ' என்று முடித்து, மேலே ஏறும் வரிக்குப் போனபோது இன்னொரு குரலும் கூட வந்தது.

"கடலம்மா கூப்பிட்டா, கால் எட்டும் எடுப்பீரோ..."

மாமரத்தடியில் முத்தன். குனிந்தபடி தூண்டிலைத் துடைத்துக்கொண்டே பாடினார். உடையவில்லை. தடித்த, அசையாத குரல், வரியின் உச்சியில் ஏறி நின்று, நிதானமாக இறங்கியது. ராசமலருக்குக் கை நின்றுவிட்டது.

"ஏன் நிப்பாட்டினாய்?" என்றார் அவர்.

"நீங்கள் பாடுவீங்களோ?"

"முந்தி எனக்கு எட்டாது மலர். நீ எப்பவும் மேல போயிருவாய். இண்டைக்குத்தான் கீழ வந்தாய்."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கடலில் நீரோட்டம் மாறியதைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, அடுத்த தூண்டிலை எடுத்தார். இந்த விரல் நோவுக்கு நன்றி சொல்ல ராசமலருக்கு மனம் வராது, அவ்வளவு படுத்திவிட்டது. றிஸ்கானுக்குச் சொன்னாள், மனதுக்குள். தளர்ந்து கொடுத்த தந்திகளுக்கும் சொன்னாள். பாட்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

முத்தன் முழுப் பாட்டையும் பாடினார். நண்டு வளைக்குள் போவதும், அலை வந்து தட்டுவதும், வளைக்குள் நண்டுக்கு விருந்து நடப்பதும், ஒரு சொல்லும் பிழைக்கவில்லை. இவர் இதை எப்போது பாடமாக்கினார்? எத்தனை பின்னேரங்கள் அந்த மரத்தடியில் தூண்டிலைத் துடைத்துக்கொண்டு இருந்தார்!

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பாட்டு எடுத்தாள். முன்பள்ளிக்கென்று போன வருடம்தான் கட்டியது.

அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது.