பாய் கடையில் ஒரு சம்மனசு

பழைய சாமான் கடையைக் கண்டால் என் கால் தானாக நின்றுவிடும். இதற்காக வீட்டில் நான் வாங்கும் திட்டு உங்களுக்குத் தெரியாததல்ல. சென்ற மாதம் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஒரு பாய் கடை முன் நின்றது.

உடைந்த ஸ்டவ், நசுங்கிய பித்தளைக் குடம்... நடுவே ஒரு வெண்கலப் பதக்கம். வளையத்தில் அழுக்கேறிய கறுப்புக் கயிறு. முன்பக்கம் இறக்கை விரித்து நிற்கும் ஒரு பெண். பின்பக்கம் எழுத்து இருந்த தடம் மட்டும்தான் — வழவழவென்று தேய்ந்திருந்தது.

"இது என்ன பாய்?"

"சம்மனசுன்னு சொன்னாங்க சார். வேதக்காரங்க வீட்டு சாமான்." கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "கோயில் தெருவுல லூர்தம்மான்னு இருக்காங்க. வெலயே பேசல. வச்சிட்டு திரும்பிப் பாக்காம போயிட்டாங்க. உருக்கப் போட எனக்கு மனசு வரல. படிச்சவங்க நீங்க, என்னன்னு பாத்து சொல்லுங்க."

சம்மனசு என்றால் தேவதூதர். நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இந்த மாதிரி சம்மனசை நான் எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை. அதுவும் 'படிச்சவங்க' என்று வேறு சொல்லிவிட்டார்... சும்மா இருக்க முடியுமா?

மறுநாளே சிதம்பரத்துக்கு ரயில். அண்ணாமலை நகரில் சரித்திர லெக்சரராக இருக்கும் என் காலேஜ் சிநேகிதனிடம், பாயிடம் வாங்கிவந்த பதக்கத்தை நீட்டினேன். பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"சம்மனசும் இல்ல, ஒண்ணும் இல்ல மச்சான். இவ வெற்றித் தேவதை. மொத உலக யுத்தம் முடிஞ்சதும் வெள்ளக்காரன் சிப்பாய்ங்களுக்குக் குடுத்த மெடல். விளிம்பப் பாரு, பேரு இருக்கும்."

லென்ஸ் வைத்துப் பார்த்தோம். இருந்தது. ஒரு நம்பர், அப்புறம் ஆங்கிலத்தில் 'சின்னப்பன்'. திரும்பும் ரயிலில் புதையல் எடுத்தவன் மாதிரி உட்கார்ந்து வந்தேன். சொன்னால் அந்த அம்மாள் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். என்னைப் போல மடையன் உண்டா?

லூர்தம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். பதக்கத்தை நீட்டியதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சின்னப்பன் யார் என்று கேட்டேன்.

"எங்க மாமனாரு. கடல் தாண்டி சண்டைக்குப் போயி முழுசா திரும்பி வந்தாரு. அத பத்தி வாயே தொறக்க மாட்டாரு. இந்த சம்மனசுதான் காப்பாத்திச்சுன்னு எங்க மாமியா பீடத்துல வச்சாங்க. ஒவ்வொரு திருநாளுக்கும் புளி போட்டுத் தேச்சு, மெழுகுவத்தி ஏத்துவோம்."

"அப்புறம்?"

"எம் புள்ள அந்தோணி பட்டாளத்துல சேந்தான். போன வருஷம் வடக்க சண்டைன்னதும், லீவுல வந்தவன அவசரமா கூப்ட்டுட்டாங்க. நாந்தான் சார் இத கயித்துல கோத்து அவன் கழுத்துல கட்டினேன். தந்தி வந்துச்சு. கொஞ்ச நாள் கழிச்சு அவன் பெட்டி வந்துச்சு. தெறந்தா மேலயே இது. இது மட்டும் பத்திரமா வந்துருக்கு."



"ஆத்திரத்துல பழைய இரும்போட போட்டுட்டேன். சம்மனச தூக்கி எறிஞ்ச பாவி நான். எந்த முகத்தோட நன்மை வாங்குவேன்? அன்னேலேந்து கோயில் படி மிதிக்கல. சாமியாருகிட்ட சொல்லவும் பயமா இருக்கு. நீங்க சொல்லுங்க சார்... இது மிக்கேல் சம்மனசா, கபிரியேலா?"

நன்மை என்பது பூசையில் கொடுக்கும் அப்பம். புள்ளையும் போய், அதுவும் போய், இந்த அம்மாள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். சம்மனசு என்று பொய் சொன்னால் அந்தப் பாவ பயம் போகாது. உண்மையைச் சொன்னால் போய்விடும். வேறென்ன யோசனை வேண்டியிருக்கிறது?

"பாவமே இல்லம்மா" என்று ஆரம்பித்தேன். அது சம்மனசு இல்லை, சண்டையில் ஜெயித்ததற்குக் கொடுத்த மெடல், தாராளமாகக் கோயிலுக்குப் போகலாம் — எல்லாவற்றையும் மடமடவென்று சொல்லி முடித்தேன்.

அவர் குனிந்து அந்த இறக்கைகளைப் பார்த்தார்.

"அப்ப... எம் புள்ள கழுத்துல நான் சண்டையத்தான் கட்டி அனுப்பிச்சேனா?"



அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பூசைக்குப் போவதைப் பாய் பார்த்தாராம். பதக்கத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. என் மேஜை டிராயரில் கிடக்கிறது. உண்மையைக் கண்டுபிடிப்பது சுலபம், ஸார். அதைக் கொண்டுபோய் யார் வீட்டில் இறக்குகிறோம் என்பதில்தான் வினையே இருக்கிறது.

சின்னப்பன் போன சண்டை எதற்காக நடந்தது என்று பதக்கத்தின் பின்பக்கம் எழுதியிருக்குமாம், சிநேகிதன் சொன்னான். புளியில் முதலில் அழிந்தது அதுதான்.