வெள்ளிக்கிழமைகளில் மேனேஜரின் அறைக்குப் போனவர்

வெள்ளிக்கிழமைகளில் பத்து மணித் தேநீர் முடிந்ததும் சுப்பவைசர் அக்கா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். உடைமாற்றும் அறையின் மூலையில் சுவரைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நிற்பார். உதடுகள் மட்டும் அசையும். பிறகு நேரே மேனேஜரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே வரும்போது முகம் வெளிறியிருக்கும். எங்களில் யாரையும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலயில் ஒரு தையல் தொழிற்சாலை அது. எங்கள் வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் மெஷினை ஓடவிட்டபடி அந்தக் கதவைத்தான் கவனித்துக்கொண்டிருப்போம்.

அவர் மிகவும் பயந்த சுபாவம். மேனேஜரின் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே கையிலிருக்கும் கத்தரிக்கோல் நடுங்கும். கணவர் இறந்தபின் ஒரே மகளைத் தனியாக வளர்த்துவந்தார். அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு வழியில்லை. அப்படிப்பட்டவர் தானாக அந்த அறைக்குள் போகிறாரென்றால் எதற்காக இருக்கும்? எங்களைப் பற்றிக் கோள் சொல்லத்தான் என்று நான் முடிவுகட்டினேன். நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. அவர் கிறிஸ்தவர். “வேதக்காரம்மா வாயில ஜெபம், மனசுல என்னவோ” என்று முதலில் சொன்னவள் நான்தான். சுகமில்லையென்று லீவு எடுத்துத் தேர் பார்க்கப் போன ஒருத்தி பிடிபட்டபோது என் பேச்சு நிரூபணமாகிவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள். அதன்பிறகு சோற்றுப் பார்சலைப் பிரிக்கும் நேரத்தில் அவர் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் எங்களுக்கென்று சீனிச் சம்பல் செய்துகொண்டு வந்தார். யாரும் தொடவில்லை. போத்தலை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

துணி களவு போகிறதென்று மேனேஜர் பின்கதவுக்குப் பூட்டுப் போட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் காலை அயன் மேசையில் வயர் கருகிப் புகை கிளம்பியது. நாங்கள் அலறிக்கொண்டு பின்கதவுக்கு ஓடினோம். பூட்டு அசையவில்லை. பின்னால் வந்தவர்கள் நெருக்கித் தள்ள, என் பக்கத்தில் நின்ற பிள்ளை விழுந்து அவளுடைய மணிக்கட்டு முறிந்தது. நெருப்புப் பரவாததால் முன்வாசல் வழியாகத் தப்பினோம்.

மறுநாள் எல்லோரிடமும் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். பின்கதவு திறந்தே இருந்தது, பயத்தில் நாங்களே முட்டிமோதி விழுந்தோம் என்று அதில் எழுதியிருந்தது. நானும் கையெழுத்து வைத்தேன். அந்தத் தாளையே சுப்பவைசர் அக்காதான் எழுதிக் கொடுத்திருப்பார் என்றுகூட நினைத்தேன்.

விசாரணைக்கு அரசாங்க அதிகாரி ஒருவர் வந்தார். கன்டீனில் எங்களை உட்காரவைத்து, கதவு திறந்திருந்ததா என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அப்போது சுப்பவைசர் அக்கா எழுந்தார். முன்னாலிருந்த கதிரையின் முதுகை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கதிரையும் சேர்ந்து நடுங்கியது. தடுமாறுகிற சிங்களத்தில், கதவு பூட்டியிருந்தது, நான் கையெழுத்து வைக்கவில்லை என்றார்.

மேனேஜருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “இந்தப் பொம்பளைக்கு வேற வேலை இல்ல சேர்! ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து பூட்டைக் கழட்டு, பூட்டைக் கழட்டு என்று என் உயிரை எடுக்கிறா!” என்று சிங்களத்தில் கத்தினார். கத்திய பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. எனக்கும்தான்.

“வேறு யாராவது பேசப்போகிறீர்களா?” என்று கேட்டு அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று பின்னேரமே பூட்டை வெட்டி எடுத்தார்கள். அடுத்த மாதம் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கடைசி நாள் உடைமாற்றும் அறையில் அவர் தனியாக இருந்தபோது போனேன்.

“அக்கா, ஒங்களுக்குப் பயமா இல்லையா?”

“பயமில்லாம இருக்குமா? மொத வெள்ளிக்கிழமை கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். வீட்டுல முழங்கால்ல நின்னு அழுதேன். தைரியம் தாங்கன்னு கேக்கல தங்கச்சி. ஆண்டவரே, நீங்க முன்னுக்குப் போங்க, நான் பின்னுக்கு வாரேன்னு மட்டும் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் கால் நடுங்குச்சு. ஆனா நின்னுபோகல.”

“நாங்க ஒங்களப் பத்தி...” என்று தொடங்கினேன்.

“தெரியும். பயந்தவளப் பயந்தவளுக்குத் தெரியாதா?” என்றபடி கைப்பையை எடுத்துக்கொண்டார்.

சென்ற மாதம் கண்டி பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். ஒரு பாடசாலை விடுதியில் சமைக்கிறாராம்; மகள் பேராதனையில் படிக்கிறாளாம். பழைய புத்தி எங்கே போகும்? எந்த நேரத்தில் சபைக்கு வரச்சொல்லி அழைப்பார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் அழைக்கவில்லை. பஸ்ஸில் கால் வைக்கும்போது மட்டும் திரும்பி, “அந்தப் பின்கதவு?” என்று கேட்டார்.

“தொறந்துதான் இருக்கு அக்கா. இப்ப நான்தான் சுப்பவைசர். யாரு சொன்னாலும் நம்புறதில்ல. காலையில போனதும் நானே தள்ளிப் பாத்துட்டுத்தான் பிள்ளைங்கள ஒக்கார விடுறேன்.”

அவர் பஸ்ஸில் ஏறவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தபடி விலகி ஏற, இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை இப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.