ஆழ்வாப்பிள்ளையர் கட்டிய மலை

வலக்கையில் ஒரு கத்தரிக்காய், இடக்கையில் ஒரு கத்தரிக்காய். ஆழ்வாப்பிள்ளையர் கண்ணை மூடிக்கொண்டு சுன்னாகம் சந்தையின் நடுவில் நிற்கிறார். வலக்கை சற்றே தாழ்கிறது. பிறகு இடக்கை தாழ்கிறது. பின்னால் நிற்பவர்கள் பனையோலைக் கடகத்தால் அவர் முதுகில் இடித்துப் பார்க்கிறார்கள். அவர் அசைவதில்லை. கத்தரிக்காய் விற்கும் நல்லம்மாவுக்கு இது சந்தை நாள் தவறாமல் நடக்கும் பூசை.

"ஐயா, ரண்டும் ஒரு செடியிலை காய்ச்சதுதான். நான்தான் புடுங்கினனான்."

"ஓம் பிள்ளை. எதுக்கும் மற்றதையும் ஒருக்காப் பாப்பம்," என்று சொல்லி அவர் மூன்றாவது காயை எடுக்கிறார்.

உடுவிலில் வெங்காயமும் மிளகாயும் செய்கிற மனிதர் அவர். உயரமான, மெலிந்த தேகம். வலது காலில் ஒரு கடைச் செருப்பு, இடது காலில் வேறொரு கடைச் செருப்பு. எது முதலில் தேய்கிறதோ அந்தக் கடைக்கு இனிப் போவதில்லை என்று தீர்மானித்து வருடக் கணக்காகிறது. இரண்டும் ஒன்றுபோலவே தேய்ந்துகொண்டிருக்கின்றன. அது அவருக்குப் பெரிய மனவருத்தம்.

அவருடைய மனைவி சிவக்கொழுந்து வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் ஒரு கதை சொல்லுவார். பெண் பார்க்கப் போன அன்று மாப்பிள்ளை தேநீரைக் குடித்துவிட்டு, தங்கையையும் ஒருமுறை கூப்பிடச் சொன்னாராம். "நான் தேத்தண்ணித் தட்டோடை நிக்கிறன். இவர் என்னைப் பாக்கிறார், அவளைப் பாக்கிறார். கூட வந்த மாமாதான் இவரின்ரை காலிலை மிதிச்சவர். அந்த மிதியிலை வந்த வாழ்க்கை இது." ஆழ்வாப்பிள்ளையர் இதை மறுப்பதில்லை. ஒன்றை மட்டும் பார்த்தால் அது நல்லதென்று எப்படித் தெரியும் என்று அமைதியாகக் கேட்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் போன ஆவணி மாதம் ஒரு வாகனம் தேவைப்பட்டது.

அவருடைய ஒரே மகள் மகாதேவி வன்னியில் முத்தையன்கட்டுப் பக்கம் மிளகாய்த் தோட்டம் செய்யும் மருமகனோடு இருக்கிறாள். வயிற்றில் தலைப்பிள்ளை. தாய் வீட்டில்தான் பிறக்க வேண்டும். பெரிய றோட்டிலிருந்து அவர்களுடைய காணிக்குப் போவது காட்டுப் பாதை. இடையில் ஓர் ஆறு. வாடகைக் கார்க்காரர் யாரும் அந்தப் பக்கம் தலை வைக்க மாட்டார்கள். மாரி தொடங்கினால் மாட்டு வண்டியும் போகாது. ஆகவே காட்டில் ஓடக்கூடிய வாகனம் ஒன்றை வாங்கி, மழைக்கு முன் மகளைக் கூட்டி வந்துவிடுவது என்று முடிவாயிற்று. மிளகாய் நல்ல விலை போன வருடம் அது.

ஊருக்குள் அப்படி இரண்டு வாகனங்கள் விற்பனைக்கு இருந்தன. ஒன்று ஐசாக்கின் லாண்ட்ரோவர். ஐசாக் நில அளவைக்காரருக்குச் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர். காடு மேடெல்லாம் ஓடியவர். மற்றது சுன்னாகத்தில் கராஜ் வைத்திருக்கும் தியாகலிங்கத்தின் பழைய ஜீப். ஒன்றுதான் இருந்திருந்தால் மகள் அடுத்த நாளே வீடு வந்திருப்பாள். இரண்டு இருந்தது விதி.

காலையில் லாண்ட்ரோவர் வரும், மத்தியானம் ஜீப் வரும். ஆழ்வாப்பிள்ளையர் இரண்டின் கதவுகளையும் திறந்து மூடி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். சக்கரத்தை முகர்ந்து பார்ப்பார். இரண்டிலும் ஒரே பாட்டை ஹோர்னில் அடிக்கச் சொல்லுவார். தியாகலிங்கம் தன்னுடையது சண்டைக்குப் போய் வந்த சாமான் என்பார். ஐசாக் தன்னுடையது தேய்ந்தாலும் துருப்பிடிக்காது என்பார். இருவரும் சிவக்கொழுந்தின் சோற்றை விரும்பிச் சாப்பிட்டார்கள்; அதனால் யாருக்கும் அவசரமில்லை.

பிறகுதான் ஏற்றம் ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. உடுவிலில் ஏற்றத்துக்கு எங்கே போவது? பெய்த மழைத் தண்ணீர்கூட எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் யோசித்து நிற்கும் ஊர் அது. கீரிமலைக்குப் போய்ப் பார்த்தார். பெயரில் இருந்த மலை அங்கே இருக்கவில்லை. திரும்பி வந்து, தோட்டக் கிணறு வெட்டியபோது குவித்த சுண்ணாம்புக் கல்லின்மேல் வண்டி வண்டியாக மண் கொண்டுவந்து கொட்டினார். புரட்டாதி முடிவதற்குள் அவருடைய வீட்டு வளவில் ஒரு மலை எழுந்தது.

ஊர் வந்து பார்த்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் ஏறி இறங்கினார்கள். அயலவரின் ஆடொன்று உச்சியில் நின்று, பார்த்தறியாத தூரத்தைப் பார்த்துக் கத்தியது. சிவக்கொழுந்து மிளகாய் காயப்போட்டார்.

லாண்ட்ரோவர் மலையில் ஏறியது. ஜீப்பும் ஏறியது. எது அதிகம் உலுக்குகிறது என்று அறிய, நிறைகுடம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு சிவக்கொழுந்து பின்னால் உட்கார வேண்டும் என்றார் ஆழ்வாப்பிள்ளையர்.

"இஞ்சாரும், குடம் எண்டு நினையாதையும். மகாதேவியின்ரை வயிறு எண்டு நினைச்சுப் பிடியும்."

அந்த வார்த்தைக்காகத்தான் சிவக்கொழுந்து ஏறினார். இரண்டு கையாலும் குடத்தை அணைத்துப் பிடித்தபடி லாண்ட்ரோவரில் ஒருதரம், ஜீப்பில் ஒருதரம். இரண்டு தரமும் சேலை ஒரே அளவு நனைந்தது. ஆழ்வாப்பிள்ளையர் குடத்துக்குள் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மலையை இன்னும் கொஞ்சம் உயர்த்த வேண்டும் என்றார்.

சிவக்கொழுந்து முந்தானையைப் பிழிந்தார். "இஞ்சாருங்கோ, வன்னியிலை எங்கை மலை?"

எல்லோரும் ஐசாக்கைப் பார்த்தார்கள். வன்னி முழுவதும் ஓடித் திரிந்த மனிதர் அவர்தான். ஐசாக் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"மலை இல்லைத்தான் அண்ணை. ஆரும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

அந்தக் கிழமையே மழை பிடித்துக்கொண்டது. மலை கரைந்து வெங்காயப் பாத்திக்குள் வந்தது. மிளகாய் லொறிச் சாரதி ஒருவர் செய்தி கொண்டுவந்தார்: மகாதேவியின் கால் வீங்கியிருக்கிறது, அப்பாவின் வாகனம் எப்போது வரும் என்று கேட்கிறாள். ஆழ்வாப்பிள்ளையர் அன்று சாப்பிடவில்லை. விறாந்தையில் அங்கும் இங்கும் நடந்தார். பிழையானதில் ஏற்றிப் பிள்ளைக்கு ஏதும் நடந்துவிட்டால் என்ன செய்வது என்று தூணைப் பார்த்துக் கேட்டார். அவர் இத்தனை நாளும் பயந்தது அதற்குத்தான்.

மறுநாள் காலை படலை வாசலில், வழக்கம்போல முதலில் வந்து நின்றது லாண்ட்ரோவர். சிவக்கொழுந்து, வழியிலேயே பிள்ளை பிறந்தாலும் என்று, பிரசவச் சரக்குத்தூளும் பழஞ்சீலையும் கட்டிய மூட்டையோடு அதில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆழ்வாப்பிள்ளையர் கிட்டப் போய், எதுக்கும் மற்றதையும் என்று தொடங்கினார்.

"மற்றது பின்னாலை வரட்டும்," என்றார் சிவக்கொழுந்து.

அப்படித்தான் இரண்டு வாகனங்களும் வன்னிக்குப் புறப்பட்டன. ஆனையிறவில் ஆழ்வாப்பிள்ளையர் இறங்கி ஜீப்பில் ஏறினார். பரந்தனில் இறங்கி லாண்ட்ரோவரில் ஏறினார். சிவக்கொழுந்து இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

காட்டுப் பாதையின் ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. ஐசாக் ஆற்றைப் பாராமல், ஜீப் வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்தபடி இறங்கினார். லாண்ட்ரோவர் சேற்றில் புதைந்தது. தியாகலிங்கம் மகிழ்ச்சியோடு கயிறு போட்டு இழுத்தார். லாண்ட்ரோவர் வெளியே வர, இழுத்த ஜீப் புதைந்தது. இப்போது ஐசாக் மகிழ்ச்சியோடு கயிறு போட்டார். கடைசியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே ஆழத்தில், ஒரே சேற்றில் நின்றன. ஆழ்வாப்பிள்ளையர் முழங்கால் தண்ணீரில் நின்று ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். எந்தக் காலின் செருப்பென்று தெரியாமல் ஒரு செருப்பு ஆற்றோடு போய்விட்டது.

அப்போது அக்கரையில் ஓர் உழவு மிசின் சத்தம் கேட்டது. மருமகன் ஓட்டி வந்தான். பின்னால் இழுபட்ட பெட்டிக்குள், பரப்பிய வைக்கோலின்மேல், சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மகாதேவி இருந்தாள். மிசினின் பெரிய சக்கரங்கள் ஆற்றைக் கேட்காமலே இறங்கி, ஏறி, இக்கரையில் வந்து நின்றன.

"பாத்துப் பாத்து இருந்தனாங்கள் அப்பா," என்றாள் மகாதேவி. "இவர்தான் பக்கத்துக் காணிக்காரரின்ரை மிசினைக் கேட்டவர். பரந்தனிலை ரெயில் எடுப்பம்."

ஆழ்வாப்பிள்ளையர் உழவு மிசினைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சக்கரத்தில் கை வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் மகளைப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் வயிற்றை அணைத்துப் பிடித்திருந்தாள், தாய் குடத்தைப் பிடித்த மாதிரியே. அவர் சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டுப் பெட்டிக்குள் ஏறினார். அதற்கு முன்பே சிவக்கொழுந்து மூட்டையோடு ஏறியிருந்தார். கரையில் ஐசாக்கும் தியாகலிங்கமும் யார் யாரை அதிக தரம் இழுத்தது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். போகிற வழியில் ஆள் பிடித்து அனுப்புவதாக மருமகன் அவர்களுக்குச் சொன்னான்.

மிசின் நகர்ந்தது. மகாதேவியின் மடியில் வழிக்கென்று பிடுங்கிய கொய்யாப்பழங்கள் இரண்டு இருந்தன. அவள் தகப்பனைப் பார்த்தாள். ஒன்றை மெல்ல முந்தானைக்குள் மறைத்துவிட்டு மற்றதை நீட்டினாள்.

ஆழ்வாப்பிள்ளையர் அதை வலக்கையில் வாங்கிக்கொண்டார். அவருடைய இடக்கை தானாகவே மடியில் விரிந்து, வெறுமையாக, காத்திருந்தது.