தண்டனைக்குக் கிடைத்த கையுறை

கண்டி மஹய்யாவப் பகுதியில் குடியிருக்கும் அழகமுத்து இருபத்திரண்டு வருடமாக நகரில் வீதி கூட்டி, கான் என்கிற சாக்கடை வாய்க்கால்களை அள்ளி வருகிறவர். சம்பளம் கொடுப்பது ஒரு துப்புரவுக் கொம்பனி. சாராயம் விற்கத் தடையுள்ள போயா என்கிற பௌர்ணமி நாளில் குடித்துவிட்டு பஸ் நிலையத்தில் சண்டை பிடித்தார் என்று அவர்மேல் வழக்கு வந்தது. சிறைக்குப் பதிலாக எட்டு ஞாயிற்றுக்கிழமை பொதுக் கான்களைத் துப்புரவாக்கும்படி தீர்ப்பாயிற்று. அதற்கான செலவையும் குற்றம் செய்தவரே கட்ட வேண்டுமாம்.

"தினம் செய்யிற வேலைக்கு நானே காசு குடுக்கணுமா? என்ன கூத்து இது!" என்று மனைவி ஞானேஸ்வரியிடம் கத்தினார். கத்திவிட்டுப் போய்க் கட்டினார்.

முதல் ஞாயிறு, தண்டனை வேலையை மேற்பார்க்கும் பொறுப்பதிகாரி சுபாஜினி ஒரு பையை நீட்டினார். உள்ளே தடித்த றப்பர் கையுறையும் முழங்கால்வரை வரும் சப்பாத்தும் இருந்தன.

"நீங்க எல்லாரும் கட்டின காசுல வாங்கினதுதான், ஐயா. இது போடாம யாரையும் கான்ல இறக்க எங்களுக்கு அனுமதி இல்ல."

கொம்பனியில் கேட்டுக் கேட்டு அவர் வாய் அலுத்துப்போன சாமான்கள் அவை. உடைந்த போத்தல்கள் விரல்களில் கீறிய தழும்பெல்லாம் கையுறைக்குள் மறைந்தன. அந்த எட்டு வாரமும் ஞாயிறுகளில் மட்டும் அவர் கையில் ஒரு கீறல்கூட விழவில்லை.

கடைசி ஞாயிறு கையெழுத்துப் போட்டு முடித்ததும் சுபாஜினி பையைத் திரும்பக் கேட்டார். அடுத்து வருகிறவர்களுக்கு வேண்டுமாம்.

அழகமுத்து கையுறையை மெதுவாகக் கழற்றினார்.

"அப்ப நாளைக்குக் கான்ல இறங்க நான் என்னத்தப் போடுறது, மிஸ்?"

சுபாஜினிக்குக் கேள்வி விளங்கவில்லை.

"நாளைக்குத்தான் உங்களுக்குத் தண்டனை இல்லையே, ஐயா."