சுடாத கால்

ரப்பர் கருகும் வாசம் வந்ததும் குணசேகரன் அறுவடை மிஷினை நிறுத்தினான். ஏதோ ஒரு பெல்ட் தளர்ந்து உரசுகிறது என்றுதான் நினைத்தான். வலங்கைமானுக்குத் தெற்கே, மங்களாம்பிகை அம்மாவின் சம்பா வயலில் பாதிதான் அறுத்திருந்தது. கீழே இறங்கி ஒவ்வொரு பெல்ட்டாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன. வாசம் மட்டும் போகவில்லை. எந்தப் பக்கம் போனாலும் கூடவே வந்தது.

வரப்பில் நின்றிருந்த மங்களாம்பிகைதான் முதலில் பார்த்தார்.

"தம்பி, ஒங்க செருப்பைப் பாருங்க."

வலது செருப்பின் முன்பகுதி உருகி வெல்லப்பாகுபோல இழுபட்டிருந்தது. இருக்கைக்குக் கீழே சைலன்சரை மறைக்கும் தகடு எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. அவன் கால் வைத்திருந்த இரும்புத் தளம் காலையிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தது. செருப்பைப் பிய்த்து எடுத்தான். பெருவிரலுக்குக் கீழே தோல் வெந்து வெள்ளையாக உப்பியிருந்தது.

"அய்யய்யோ, சுடலையா?"

"சுடலையேம்மா." அவன் சிரித்தான். "ஒழைச்ச காலு. காப்புக் காச்சிப் போயிருக்கு."

மங்களாம்பிகை சிரிக்கவில்லை. அவர் கணவருக்கும் கடைசியில் அப்படித்தான் காலில் எதுவும் சுடாமல் போயிற்று. அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஒரு சொம்பு முழுவதையும் மூச்சுவிடாமல் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டான்.

குணசேகரன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பேர் வாங்கிய உடம்பு. அவன் அப்பா பண்ணையில் கூலி வேலை பார்த்தவர். இவன் இளவட்டமாக இருக்கும்போது தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு மூட்டையாக நெல் சுமந்து வாய்க்கால் பாலத்தைக் கடப்பான். வரப்பு வெட்டினால் இரண்டு ஆள் வேலையை முடித்துவிட்டுத்தான் கரையேறுவான். அறுவடைக்கு மிஷின் வந்தபோது ஓட்டக் கற்றுக்கொண்டான். அன்றிலிருந்து உட்கார்ந்தே வேலை. உடம்பு உட்கார்ந்துவிட்டது, பசி உட்காரவில்லை. சீசனில் ஊர் ஊராகப் போகும்போது வயலுக்கு வயல் சர்க்கரை தூக்கலாக டீ, வெயில் ஏறினால் கலர் சோடா, இரவு ரோட்டோரக் கடையில் பரோட்டா. வயல்காரர்கள் போடும் சாப்பாடு என்றால் சோறு மலைபோல இருக்கும். நடுநடுவே பீடி. தூக்கம் மிஷினுக்குப் பக்கத்திலேயே, தார்ப்பாயில்.

சட்டைப் பொத்தான் பூட்ட மறுத்தபோது, "சாப்பாடு ஒடம்புல ஒட்டுது" என்றான். நாக்கு எப்போதும் வறண்டே கிடந்தபோது, வெயிலின் மேல் பழியைப் போட்டான்.

வேறொன்றும் நடந்திருந்தது. அதற்கு மட்டும் அவனிடம் காரணம் இல்லை.

இரண்டு வருடங்களாக, மனைவி மேகலாவிடம் நெருங்கும்போது அவன் உடம்பு அவனைக் கைவிட்டது. முதலில் களைப்பு என்று நினைத்தான். பிறகு பயந்தான். பிறகு, கீழே புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லி மாடியில் படுக்கத் தொடங்கினான். மார்கழிப் பனியிலும் அவன் புழுக்கம் என்று சொன்னபோது மேகலா எதுவும் கேட்கவில்லை. கேட்டால் வேறொரு பெண்ணின் பெயர் வந்துவிடுமோ என்ற பயம் அவளுக்கு.

அவன் சொன்னது ஒரே ஒருவனிடம். தியாகேசன், மிஷினுக்கு வயல் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட், பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. அதுவும் நேராகச் சொல்லவில்லை. "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தனுக்கு" என்றுதான் தொடங்கினான்.

தியாகேசன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "அந்த ஒருத்தனை என்கூட கும்பகோணம் வரச் சொல்லு. நானும் அங்கதான் வாங்குறேன்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ். மாதத்தில் ஒரு நாள் வைத்தியர் வந்து ஒரு அறையில் உட்காருவார். வெளியே நடையில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை இன்னொருவர் பார்க்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வைத்தியர் குணசேகரனின் நாடியைப் பிடித்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், சின்ன வயதுத் தப்புதான் காரணம் என்றார். கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு லேகியம் கொடுத்தார்.

"ரெண்டு வேளையும் நெல்லிக்கா அளவு. இங்கிலீஷ் மருந்து எதையும் தொடக்கூடாது. ரத்தத்தைக் கித்தத்தைக் குத்தி எடுக்கவிட்டீங்கன்னா மருந்தோட சக்தி முறிஞ்சிடும். ஞாபகம் வச்சிக்குங்க."

அவன் அதை ஞாபகம் வைத்துக்கொண்டான். டப்பா வீட்டுக்கு வரவில்லை, மிஷினின் டூல்ஸ் பெட்டிக்குள் ஸ்பேனர்களுக்கு அடியில் இருந்தது. லேகியம் நன்றாகத் தித்தித்தது. வீடு வீடாகச் சர்க்கரை பார்க்க வரும் நர்ஸ் நஃபீசா தெருமுனையில் தலைகாட்டினால், அவன் கொல்லைப் பக்கமாக வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். அவ்வளவு பெரிய உடம்பை மறைக்க அந்தப் போர் போதவில்லை. "அண்ணே, ஒரு சொட்டு ரத்தந்தாண்ணே" என்று நஃபீசா கூப்பிடுவாள். "எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்" என்று போருக்குப் பின்னாலிருந்து பதில் வரும்.

அந்தக் காலத்தில் பாதங்களில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. இரவில் பஞ்சுமேல் நடப்பதுபோல இருந்தது. சில மாதங்கள் கழித்து ஒருநாள் எறும்பு ஊர்வது நின்றுபோனது. குணசேகரன் தியாகேசனுக்குப் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னான்: "மருந்து வேலை செய்யுதுடா."

தீப்புண்ணுக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவித் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் மிஷின் ஏறினான். வலிக்காத புண்ணுக்காக யாராவது சீசனில் வீட்டில் உட்காருவார்களா?

ஒரு வாரம் கழித்து மேகலாவுக்கு அது தெரிந்தது டைல்ஸ் தரையில்தான். அவன் கொல்லையிலிருந்து கூடத்துக்கு நடந்து வந்திருந்தான். ஒரு காலின் தடம் சாதாரண ஈரம். மற்றக் காலின் தடம் மஞ்சளாக, சிவப்புக் கலந்து, ஓரத்தில் நுரைத்திருந்தது. துடைக்கக் குனிந்தவளுக்கு அழுகல் நாற்றம் அடித்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"காலைக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல, சூடு பட்டுச்சு."

அவள் துணியைப் பிரித்தாள். பெருவிரலும் அடுத்த விரலும் கத்தரிக்காய் நிறத்துக்குப் போயிருந்தன. அடியில் தசை குழைந்திருந்தது.

"வலிக்கலையா ஒங்களுக்கு?"

"இல்ல."

"இங்க?" அழுத்தினாள்.

"இல்லன்னு சொல்றேன்ல." இன்னொரு வாய்ச் சோற்றை அள்ளினான்.

அவன் அலறியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. சோற்றுக் கையைக் கழுவக்கூட விடாமல் அவனைக் கிளப்பினாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் ரிஃப்கா விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்தார். சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது. பிறகு அவனைப் படுக்கவைத்துக் கண்களை மூடச் சொன்னார்.

"கால்ல ஒரு நைலான் இழையால தொடுவேன். பட்டதும் 'ம்' சொல்லுங்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. வெளியே யாரோ டோக்கன் கேட்டார்கள். மேகலா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஏன் அழுகிறாள்?

"ஆரம்பிங்க டாக்டர்."

"முடிச்சிட்டேன். ரெண்டு காலையும் பாத்துட்டேன்."

குணசேகரன் கண்ணைத் திறந்தான். எழுந்து உட்கார்ந்து தன் பாதங்களைப் பார்த்தான்.

டாக்டர் மேகலாவை ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வரும்படி அனுப்பினார். கதவு சாத்தியதும் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணு கேக்குறேன், கூச்சப்படாதீங்க. தாம்பத்தியத்துல ஏதாவது சிரமம் இருக்கா?"

அவன் சுவரைப் பார்த்தான். பிறகு லாட்ஜ், லேகியம், மாடி, எல்லாம் வந்தது.

"இது வெக்கப்பட வேண்டிய விஷயமே இல்லைங்க. சர்க்கரை ஏறி ஏறி ரத்தக்குழாயும் நரம்பும் கெட்டுப்போறப்ப, பல ஆம்பளைங்களுக்கு ஒடம்பு முதல்ல சொல்றது அங்கதான். இதயத்துக்குப் போற குழாயைவிட அந்தக் குழாய் சின்னது. அடைப்பு அங்க முன்னாடியே தெரிஞ்சிடும். ரெண்டு வருஷம் முன்னாடி ஒங்களுக்கு ஒடம்பு எச்சரிக்கை கொடுத்திருக்கு. நீங்க அது மேல சர்க்கரைப் பாகை ஊத்தியிருக்கீங்க."

தஞ்சாவூரில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். முதலில் கணுக்காலுக்கு மேலேயே எடுக்க வேண்டியிருக்கலாம் என்று பேச்சு இருந்தது. மேகலா வார்டுக்கு வெளியே நின்று, அந்தப் பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்று ஒவ்வொரு வெள்ளைக் கோட்டின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மயக்கம் தெளிந்த பிறகு அவன் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னான்.

"நான் வேற என்னென்னவோ நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் மேகலா. "எவளோ ஒருத்தின்னு நெனச்சி, தெனம் அவ மூஞ்சி எப்படி இருக்கும்னு கற்பனை பண்ணிட்டுக் கெடந்தேன். இதைச் சொல்றதுக்கு என்ன? நான் என்ன சிரிச்சிருப்பேனா?"

"சிரிக்க மாட்ட. தெரியும்."

"பின்ன?"

அவன் போர்வையை இழுத்துக் கட்டுப் போட்ட காலை மூடிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் மேகலா சமையலை மாற்றினாள். தட்டில் பாதிக்குக் காய், கீரை. மிச்சத்தில் ஒரு பங்கு பருப்போ மீனோ, ஒரு பங்குதான் சோறு. முதல் நாள் அந்தத் தட்டைப் பார்த்து அவன் கத்தினான். "சோறு வெளையிற ஊர்ல பொறந்து சோத்துக்கு அளவா?" அவள் மோரை ஊற்றினாள். பீடியை விட்டான். அதில் ஒருமுறை தோற்று, மறுபடி விட்டான். இன்சுலின் போட்டுக்கொண்டான். மாத்திரைகளைத் தவறவிடவில்லை. புண் ஆறியதும் மெத்தென்ற செருப்போடு வாய்க்கால் ரோட்டில் மதகுவரை நடந்தான். மிஷினை ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெறுங்காலோடு வாசலுக்குக்கூட இறங்கக் கூடாது. தினமும் பாதத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் அது இனிமேல் தானாக எதையும் சொல்லாது.

சர்க்கரை மெல்ல இறங்கியது. மாடிப் படுக்கை கீழே வந்தது. போன சக்தி எல்லாம் திரும்பவில்லை, ஆனால் அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அதுவே பெரிதாக இருந்தது.

நடக்க முடிந்ததும் அவன் முதலில் போனது தியாகேசனிடம். டீக்கடைக்குப் பின்னால் அழைத்துப் போய், டாக்டர் சொன்னதை வரி மாறாமல் சொன்னான். முக்கியமாக இதயத்துக்குப் போகும் குழாய் பற்றி.

தியாகேசன் சிகரெட்டைப் பற்றவைத்தான். ஒல்லியான ஆள். வாய்க்கால் கரை ஏறிவந்ததற்கே அவனுக்கு மேல்மூச்சு வாங்கியது. "ஒனக்குச் சர்க்கரைடா, தொந்தி. என்னைப் பாரு, சதையே இல்ல. எனக்கு என்ன வரப்போவுது?"

"ஒரு தடவை வந்து காட்டு. நானும் கூட வர்றேன்."

"அந்தப் பொம்பள டாக்டர்கிட்டயா? போடா." பிறகு தாடையைத் தேய்த்துக்கொண்டான். "மொதல்ல இந்தக் கடவாப்பல்லைப் புடுங்கணும். நடந்தாலே இழுக்குது."

நடந்தால் எப்படிப் பல் வலிக்கும் என்று குணசேகரனுக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போய் மேகலாவிடம் கேட்டான். அவள் உடனே நஃபீசாவுக்குப் போன் செய்தாள். நடந்தால் வரும் தாடை வலி நெஞ்சிலிருந்து வருவதாக இருக்கலாம், இன்றைக்கே கூட்டி வாருங்கள் என்றாள் நஃபீசா. குணசேகரன் அன்று இரண்டு முறை தியாகேசன் வீட்டுக்குப் போனான். மறுநாளும் போனான். குறுவை அறுப்பு முடியட்டும் என்று தியாகேசன் உள்ளிருந்தே சொன்னான்.

குறுவை அறுப்பு முடியவில்லை. புரட்டாசியில் ஒரு பகல், மிஷினுக்கு வழி காட்டிக்கொண்டு வரப்பில் நின்றிருந்த தியாகேசன், பல் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு மோட்டார் கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். சோடா வேண்டும் என்றான். சோடா வந்தபோது குடிக்க ஆள் இல்லை.

குணசேகரன் பாடையின் முன்பக்கத்தைத் தூக்கினான். வேண்டாம் என்று மேகலா கண்ணால் சொன்னாள். அவன் கேட்கவில்லை. கூட்டாளியைச் செருப்புக் காலோடு தூக்க மனம் வராமல் வாசலில் கழற்றி வைத்திருந்தான். மழை பெய்து நசநசத்த பாதையில் சுடுகாடுவரை நடந்தான். வழியெல்லாம் கூட வந்த ஆண்கள், அவனுக்குப் பல் வலியாம், வாயுப் பிடிப்பாம், சாப்பாடு செரிக்கலையாம் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். ஆற்றில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு வீடு திரும்பினான்.

மேகலா அவனை முக்காலியில் உட்காரவைத்து, வெளிச்சத்தில் பாதங்களைத் திருப்பிப் பார்த்தாள். விரல் போன காலில் ஒன்றுமில்லை. நல்ல காலைத் தூக்கினாள். அவள் கை அப்படியே நின்றது.

"என்ன?" என்றான்.

குதிகாலுக்கு முன்னால் ஒரு கருவேல முள், கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே போயிருந்தது. அதைச் சுற்றிச் சேறு அப்பியிருந்தது. அந்தக் காலோடுதான் அவன் சுடுகாட்டிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து வீட்டுக்கும் நடந்து வந்திருந்தான்.

அவள் அழவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

டாக்டர் ரிஃப்கா முள்ளை எடுத்து, கீறிக் கழுவி, கட்டுப் போட்டார். உடனே வந்ததால் தப்பித்தது என்றார். "அடுத்த தடவை?" என்று மேகலா கேட்டதற்கு அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "அடுத்த தடவை வராம பாத்துக்கணும்" என்றார்.

திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மேகலாதான் வண்டியை ஓட்டினாள். இரண்டு பக்கமும் வயல்களில் மிஷின்கள் விளக்குப் போட்டு அறுத்துக்கொண்டிருந்தன. குணசேகரன் பின்னால் உட்கார்ந்து, தன் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தான். அவை வண்டியின் மேல்தான் இருக்கின்றனவா என்பது பார்த்தால்தான் அவனுக்குத் தெரிந்தது.